யோபுவின் மனைவி: நோயுற்ற துணையைப் பேணியவளின் குரலும் அதன் வாசிப்பு வரலாறும்

ஆய்வுச்சுருக்கம்

விவிலியத்தின் யோபு நூலில் யோபுவின் மனைவி ஒரேயொருமுறை பேசுகிறாள். அப்பேச்சைக் கொண்டு கிறித்தவ உரைமரபு அவளைச் சோதனைக்காரியாகத் தீர்ப்பிட்டது. எபிரேய மூலத்தின் சொல்லாட்சி, எழுபதின்மரின் கிரேக்க மொழிபெயர்ப்பில் உள்ள கூடுதல் பகுதி, ‘யோபுவின் இறுதிச் சாசனம்’ என்னும் பழைய நூல், தொடக்கக் கிறித்தவ ஓவிய, சிற்ப மரபு ஆகியவற்றை ஒருங்கே வைத்து நோக்கும்போது, நோயுற்ற கணவனைக் கைவிடாது பேணிய ஒருத்தியின் உருவம் வெளிப்படுகிறது. தமிழில் வழங்கும் நளாயினி, சந்திரமதி கதைகளோடு அவ்வுருவத்தை ஒப்பிட்டு, துணையின் நோயில் உடனிருத்தல் என்பதன் கிறித்தவப் பொருளை இக்கட்டுரை ஆராய்கிறது.

திறவுச்சொற்கள்: யோபு, எழுபதின்மர் மொழிபெயர்ப்பு, மங்கல வழக்கு, பணிவிடை, நளாயினி, மணவுறுதி.

முன்னுரை

யோபுவைப் பற்றித் தமிழில் எழுதப்பட்டவை பெரும்பாலும் துன்பத்தின் காரணம் யாது, இறைநீதி எத்தன்மையது என்னும் வினாக்களையே மையமாகக் கொண்டவை. அரிச்சந்திரனோடு அவனை ஒப்பிடும் மரபும் உண்டு. இருவரும் விண்ணவர் அவையில் எழுந்த வழக்கொன்றின் பொருட்டு மண்ணில் அலைக்கழிக்கப்பட்டவர்கள் ஆதலின் அவ்வொப்பீடு இயல்பானது. ஆயின் அரிச்சந்திரனைச் சொல்வோர் சந்திரமதியை விட்டுவிட்டுச் சொல்வதில்லை. யோபுவைச் சொல்வோர் அவன் மனைவியைப் பழித்தற்கே நினைவுகூர்கின்றனர்.

இது வெறும் இலக்கியக் குறைபாடு அன்று. திருச்சபை மறையுரைகளில் யோபுவின் மனைவி எவ்வாறு சித்திரிக்கப்படுகிறாளோ, அவ்வாறே படுக்கையில் கிடக்கும் துணைவரைப் பேணும் ஒருவர் தம்மைக் காணப் பழகுகிறார். ஆண்டுக்கணக்கில் புண் கழுவி, உணவூட்டி, இரவில் விழித்திருந்தவர் ஒருநாள் கசந்து ஒரு சொல் சொல்லிவிட்டால், அச்சொல்லே அவருடைய அன்பின் அளவுகோலாகுமா என்பது இந்நூல் வாசிப்போடு பிணைந்த வினா.

ஆறு சொற்கள்

எபிரேய மூலத்தில் (யோபு 2:9) மனைவியின் பேச்சு ஆறே சொற்கள். முதற்பாதி, நீர் இன்னமும் உமது நேர்மையைப் பற்றிக்கொண்டிருக்கிறீரா என்னும் பொருளது. பிற்பாதி, கடவுளைப் பழித்து மடிந்துபோம் என்னும் பொருளது. உரைகாரர் பலர் பிற்பாதியில் மட்டும் நின்றுவிடுகின்றனர்.

முதற்பாதியின் சொற்கள் யாருடையவை என்பது கவனிக்கத்தக்கது. ஆறு வசனங்களுக்கு முன்னே (2:3) இறைவன் யோபுவைப் பாராட்டும்போது ஆளும் தொடரும் இதுவே: இன்னமும் தன் நேர்மையைப் பற்றிக்கொண்டிருக்கிறான் என்பது. விண்ணவையில் பேசப்பட்டதை மனைவி அறியாள். அறியாமலே இறைவனின் மதிப்பீட்டைத் தன் வாயால் சொல்கிறாள். பிற்பாதியோ சாத்தானின் எதிர்பார்ப்பை (2:5) எதிரொலிக்கிறது. எனவே அவள் பேச்சு பாதி இறைவனுடையது, பாதி சாத்தானுடையது. அவளைச் சாத்தானின் வாயென்று மட்டும் கூறுவது மூலத்தைப் பாதி மட்டுமே படித்தோர் கூற்று.

பிற்பாதியிலும் ஒரு நுட்பம் உண்டு. மூலத்தில் அங்கு நிற்கும் வினைச்சொல் ‘பாரக்’. அதன் நேர்ப்பொருள் வாழ்த்து, ஆசி கூறு என்பதாகும். கடவுளைப் பழித்தல் என்று எழுதவே கூசிய எழுத்தர் மரபு, எதிர்ச்சொல்லை இட்டு அதனைக் குறித்தது என்பது பெரும்பாலோர் கருத்து. நன்னூலார் தகுதி வழக்கினுள் மங்கலம் என வகுப்பதும், செத்தாரைத் துஞ்சினார் என்னும் நம் வழக்கும் இதற்கு நெருங்கிய ஒப்புமைகள். யோபு நூலின் முதலிரு அதிகாரங்களில் இவ்வினை ஆறிடங்களில் வருகிறது. 1:10, 1:21 ஆகிய இரண்டில் நேர்ப்பொருளிலும், ஏனைய நான்கில் (1:5, 1:11, 2:5, 2:9) மங்கல வழக்காகவும் கொள்ளப்படுகிறது. ஆகவே மனைவியின் கூற்றில் எப்பொருள் என்பதைச் சூழலே முடிவு செய்ய வேண்டியுள்ளது. மடிந்துபோம் என்பது அடுத்து வருதலின் பழித்தற்பொருளே பொருந்தும் என்பதில் எனக்கு ஐயமில்லை. எனினும் மூலச்சொல்லின் இரட்டைத் தன்மை மொழிபெயர்ப்பில் முற்றும் மறைந்து, வாசகர் கைக்கு வெறும் பழிச்சொல்லே வந்து சேர்கிறது.

அவள் ஏன் மடியச் சொல்கிறாள்? கடவுளைப் பழித்தவன் உடனே சாவான் என்பது அக்கால நம்பிக்கை. உள்ளங்கால் முதல் உச்சந்தலை வரை கொடும்புண். சாம்பலில் இருந்து ஓட்டுத்துண்டால் சுரண்டிக்கொள்ளும் கணவன். அவனுடைய வேதனை முடிய வேறு வழி காணாதவள் சொல்லும் சொல்லாக இதனைக் கொள்ள இடமுண்டு. நெடுநோயாளியின் அருகிருப்போர் மனத்தில் இவ்விருப்பம் எழுவதும், எழுந்ததற்காக அவர்கள் தம்மையே வெறுப்பதும் மருத்துவமனை வாயில்களை அறிந்தோர்க்குப் புதிதன்று. யோபுவே அடுத்த அதிகாரத்தில் தான் பிறந்த நாளைச் சபித்துச் சாவை விரும்புகிறான். மனைவி சொன்னதற்கும் அவன் சொன்னதற்கும் இடையிலுள்ள தொலைவு, கடவுளைப் பழிக்க மறுத்தல் என்னும் ஒன்றே. அது சிறு தொலைவன்று. ஆயினும் சாவை விரும்பியதற்காக அவளைக் குற்றஞ்சாட்டுவோர் அவனையும் சாட்ட வேண்டும்.

யோபுவின் மறுமொழியையும் (2:10) நிதானமாகப் படிக்க வேண்டும். அறிவிலாப் பெண்களுள் ஒருத்தி பேசுவதுபோல் பேசுகிறாய் என்கிறான். நீ அறிவிலி என்று சொல்லவில்லை. உவம உருபு அவளுக்கும் அப்பெண்களுக்கும் இடையே ஓர் இடைவெளியை வைக்கிறது: இது உன் இயல்பான பேச்சன்று என்னும் குறிப்பு அதில் உண்டு. அடுத்து, நன்மையைப் பெற்ற ‘நாம்’ தீமையைப் பெறலாகாதோ எனத் தன்மைப் பன்மையில் வினவுகிறான். மக்களை இழந்தது அவன் மட்டுமல்லன்; அவளும் இழந்தாள். அப்பன்மை அவளைத் தன் துன்பத்தின் பங்காளியாக ஏற்கிறது. பின்னர் 27:5–6 இல் தன் நண்பர்க்கு விடையிறுக்கையில், சாகுமளவும் என் நேர்மையை விலக்கேன், என் நீதியைப் பற்றிக்கொண்டேன் என்கிறான். நேர்மை, பற்றுதல், சாவு ஆகிய மூன்றும் அவள் ஆண்ட சொற்கள். அவளுடைய வினாவுக்கு அவன் முழு விடை சொல்ல இருபத்தைந்து அதிகாரங்கள் சென்றன எனக் கொள்வது மிகையாகாது.

அவள் அவனை விட்டு நீங்கினாளா? 19:17 இல் தன் மூச்சு மனைவிக்கு அயலாயிற்று என யோபு வருந்துகிறான். இவ்வடியை அவள் வெறுத்து ஒதுக்கியதற்குச் சான்றாகக் காட்டுவர். ஆனால் நாறும் மூச்சை அறிய அருகிருக்க வேண்டும். அதே பகுதியில் உடன்பிறந்தார் தொலைவில் போயினர், உறவினர் மறந்தனர், வேலையாள் அழைத்தும் வாரான் என்று அடுக்குபவன், மனைவி போய்விட்டாள் என்று சொல்லவில்லை.

எழுபதின்மர் சேர்த்த பேச்சு

எபிரேயத்தின் ஆறு சொற்கள் கிரேக்க மொழிபெயர்ப்பில் ஒரு நெடும்புலம்பலாக விரிகின்றன. அங்கு அவள் உடனே பேசுவதில்லை. நெடுங்காலம் சென்றபின் பேசுகிறாள். இம்முன்குறிப்பு சிறிதாயினும் கதையின் காலத்தையே மாற்றிவிடுகிறது. எபிரேயத்தில் நோய் வந்த மறுகணம் வெடிப்பதாகத் தோன்றும் சொல், கிரேக்கத்தில் ஆண்டாண்டுக் காலப் பொறுமையின் எல்லையில் வருவதாகிறது.

அப்புலம்பலின் பொருள் இது: இன்னுஞ் சிறிது பொறுப்பேன் என்று எத்தனை நாள் சொல்வீர், உம் பெயர் சொல்ல மண்ணில் எவருமில்லை, என் வயிறு நொந்து பெற்ற மக்கள் வீணாயினர், நீர் புழுக்களிடையே திறந்த வெளியில் இரவைக் கழிக்கிறீர், நானோ கூலிக்காரியாய் இடந்தோறும் வீடுதோறும் அலைந்து, என் உழைப்பும் வலியும் ஓயக் கதிரவன் எப்போது மறைவான் எனக் காத்திருக்கிறேன். இதன்பின் அவள் சொல்வதும் எபிரேயத்தினும் மென்மையானது. இறைவனை நோக்கி ஏதேனும் ஒரு சொல் சொல்லி மடிந்துபோம் என்கிறாள். பழி என்னும் சொல் இல்லை.

இப்பகுதி மூலத்தில் இருந்து விடுபட்டதா, மொழிபெயர்ப்பாளரோ பின்வந்தோரோ சேர்த்ததா என்பதில் பின்னதே பெரும்பான்மை முடிபு. இக்கட்டுரைக்கு அதனினும் இன்றியமையாதது, கிறிஸ்துவுக்கு முற்பட்டோ அவர் காலத்தை ஒட்டியோ வாழ்ந்த வாசகர் சிலருக்கு ஆறு சொற்கள் போதவில்லை என்பதாகும். நோயாளியின் குரலுக்கு நாற்பது அதிகாரங்கள் இருக்க, அவனுக்குச் சோறு கொண்டுவந்தவள் யார் என்னும் வினா அவர்களுக்கு எழுந்திருக்கிறது. கிரேக்கம் வழங்கிய கீழைத் திருச்சபையினர் யோபுவை இந்தப் பேச்சோடுதான் படித்தனர்.

கூந்தலும் மூன்று அப்பமும்

கிரேக்கத்தில் இயன்ற ‘யோபுவின் இறுதிச் சாசனம்’ கி.மு. 1ஆம் நூற்றாண்டிற்கும் கி.பி. 2ஆம் நூற்றாண்டிற்கும் இடைப்பட்டது எனக் கணிக்கப்படுகிறது. திருமுறையில் சேராத இந்நூலில் மனைவிக்குப் பெயர் உண்டு: சித்திஸ். யோபு குப்பைமேட்டில் கிடக்க, அவள் செல்வர் ஒருவர் வீட்டில் தண்ணீர் சுமக்கும் அடிமையாகிக் கூலியாகப் பெற்ற அப்பத்தை அவனோடு பகிர்கிறாள். பின் அவனுக்கென அப்பம் தருவதை எசமானர் நிறுத்தவே, தன் பங்கைப் பிளந்து அவனுக்கும் கொடுக்கிறாள். இறுதியில் அப்பம் விற்பவன் உருவில் வந்த சாத்தான், பணமில்லையேல் தலைமயிரைத் தா, மூன்று அப்பம் பெறு என்கிறான். கணவன் பசியினும் தன் கூந்தல் பெரிதோ என்று எண்ணிக் கடைவீதியில் மக்கள் பார்த்து நிற்கத் தலையைக் கொடுக்கிறாள். விவிலியத்தில் உள்ள அந்தச் சொல்லை அவள் சொல்வது இதற்குப் பின்புதான்.

சித்திஸை இந்நூல் முழுமையாக விடுவிக்கவில்லை. சாத்தான் அவள் பின்னே நின்று மனத்தைக் குழப்புவதை யோபு காண்கிறான், அவள் காணவில்லை என்று கூறி, ஆண்மகனின் ஞானத்திற்குக் கீழேயே அவளை நிறுத்துகிறது. இருந்தும் அவளுடைய இறப்பைச் சொல்லுமிடத்தில் ஆசிரியரின் நெஞ்சம் தெரிகிறது. மாட்டுத்தொழுவில் அவள் உயிர்விட, கால்நடைகள் அவளுக்காகக் கதறுகின்றன. நகரத்து ஏழைகள் அழுகின்றனர்.

தமிழ் வாசகர்க்கு இங்குச் சந்திரமதி நினைவுக்கு வருவாள். காசியில் அந்தணர் ஒருவருக்கு அடிமையாக விற்கப்பட்டுக் குற்றேவல் செய்த அரசியும், நீர் சுமந்த சித்திஸும் ஒரே நிலையினர். ஆனால் அரிச்சந்திரன் நோயாளன் அல்லன். நோயும் வறுமையும் ஒருங்கே வந்த வீட்டில் ஒருவர் உடலாலும் மற்றவர் உழைப்பாலும் அழிவதைச் சித்திஸ் கதையே காட்டுகிறது. இசுலாமிய நபிமார் கதைகளில் ஐயூப் நபியின் மனைவி ரஹ்மா தன் கூந்தலை விற்று உணவு கொணர்ந்ததாக வருவதும் இம்மரபின் தொடர்ச்சியாகலாம். அங்கு அவள் பொறுமையின் உருவாகவே போற்றப்படுகிறாள். ஒரே கதையை மூன்று சமயத்தாரும் கையேற்றனர். அவர்களுள் கிறித்தவ உரைகாரர்களே அவளிடம் மிகுதியும் கடுமை காட்டினர்.

உரைமரபின் தீர்ப்பு

அக்கடுமையை நெடிது விரிக்க வேண்டுவதில்லை. அகுஸ்தீன் அவளைச் சாத்தானின் துணையாள் என்றார். யோபுவின் அனைத்தையும் பறித்த சாத்தான் மனைவியை மட்டும் ஏன் விட்டுவைத்தான் என வினவிய கிறிசோஸ்தோம், அவளே தக்க சாட்டை என்பதனால் என்று விடை கூறினார். 6ஆம் நூற்றாண்டில் திருத்தந்தை முதலாம் கிரகோரி தம் பேருரையில் அவளை ஏவாளோடு இணைத்தார். 1554–55இல் யோபு நூல்மீது 159 மறையுரைகள் ஆற்றிய கால்வினும் அவளைச் சாத்தானின் கருவி என்றே கொண்டார்.

இவர்கள் அனைவரும் யோபுவின் பக்கம் நின்று பேசுகின்றனர். மனைவியின் பக்கத்திலிருந்து நோக்குவோர் இல்லை. இவ்விடத்தில் நூலின் முடிவு (42:7) கருதத்தக்கது. இறைவன் சினங்கொள்வது எலிப்பாஸ், பில்தாத், சோப்பார் என்னும் மூவர்மீது, மனைவிமீது அன்று. எலிகூவும் அங்குக் குறிப்பிடப்படவில்லை ஆதலின், இம்மௌனத்தை மட்டும் கொண்டு அவளுக்கு விடுதலை எழுதிவிட இயலாது. எனினும் இறைவன் சொல்லாத தண்டனையை உரைகாரர் சொன்னது தெளிவு.

கோலின் நுனியில் அப்பம்

உரைகாரர் விட்டதைச் சிற்பிகள் விடவில்லை. 4ஆம் நூற்றாண்டைச் சார்ந்த உரோமைக் கல்லறைக் கலையில் ஒரு காட்சி வருகிறது: யோபு அமர்ந்திருக்க, அவன் மனைவி நீண்ட கோலொன்றின் நுனியில் அப்பத்தைக் குத்தி நீட்டுகிறாள், மற்றொரு கையால் ஆடையை மூக்கோடு சேர்த்துப் பிடிக்கிறாள். உரோமை ஆட்சியாளன் யூனியுஸ் பாஸுஸின் சவப்பேழையிலும் (359) அவள் மூக்கை மூடி நிற்பதைக் காணலாம்.

ஆயிரம் பக்க உரைகளில் கிடைக்காத ஒன்று இக்காட்சியில் இருக்கிறது. ஒரு கை உணவு தருகிறது, ஒரு கை நாற்றத்தை மறைக்கிறது. அருவருப்பு இல்லை என்று சிற்பி பொய் சொல்லவில்லை. அருவருப்பினால் உணவு நின்றுவிட்டது என்றும் சொல்லவில்லை.

இதனோடு நளாயினியை ஒப்பிட வேண்டும். மகாபாரதத்தின் தென்னாட்டு மரபில் வழங்கும் அக்கதையில், தொழுநோயுற்ற மௌத்கல்ய முனிவர் உண்ணும்போது அவரது விரல் சோற்றில் கழன்று விழுகிறது. நளாயினி அதனை எடுத்து வைத்துவிட்டு எஞ்சிய உணவைத் தயக்கமின்றி உண்கிறாள். கற்பின் ஆற்றல் உடலின் இயல்பை வென்றதைக் கதை கொண்டாடுகிறது. முனிவரின் நோயும் அவளைச் சோதிக்க மேற்கொண்ட ஒன்றாகவே முடிகிறது. நளாயினி முகஞ்சுளிப்பதில்லை. யோபுவின் மனைவி முகஞ்சுளிக்கிறாள், கசந்து பேசுகிறாள், பின்னும் அப்பத்தோடு வருகிறாள். முன்னது காப்பியத்தின் உயர்ச்சி. பின்னது வீட்டில் நிகழ்வது. இரண்டில் எது உயர்ந்தது என்று தீர்ப்பது என் கருத்தன்று. முன்னதை மட்டும் இலக்கணமாகக் கொண்டால் பின்னதில் உள்ள அன்பு கண்ணில் படாமலே போகும்.

பிற்கால ஓவியரும் இவ்விருமையை விட்டுவைத்தனர். ஏறத்தாழ 1504இல் டூரர் தீட்டிய பலிபீடப் பலகையில் (இன்று பிராங்க்பர்ட் ஸ்டேடல் காட்சியகத்தில் உள்ளது) மனைவி யோபுவின் பிடரியில் வாளித் தண்ணீரை ஊற்றுகிறாள். ஏளனம் என்பர் சிலர். புண்ணுக்கு இதமாக நீராட்டுகிறாள் என்பர் சிலர். வில்லியம் பிளேக் 1826இல் வெளியிட்ட யோபு செதுக்கோவியத் தொடரிலோ ஐயத்திற்கே இடமில்லை. நண்பர்கள் வந்து குற்றஞ்சாட்டும்போதும், புயலில் இறைவன் தோன்றும்போதும் அவள் கணவன் அருகிலேயே முழந்தாளிட்டிருக்கிறாள்.

மணவுறுதியும் சொல்லும்

1549ஆம் ஆண்டின் ஆங்கிலப் பொது வழிபாட்டு நூல், மணமக்கள் இருவரும் நோயிலும் நலத்திலும் சாவு பிரிக்குமளவும் ஒருவரையொருவர் அன்பு செய்து பேணுவதாகச் சொல்லும் உறுதியை வகுத்தது. அவ்வழி வந்த தமிழ்த் திருச்சபைகளின் மணச்சடங்கிலும் இது உண்டு. பழைய வடிவத்தில் கீழ்ப்படிதலை மனைவி மட்டும் உறுதிசெய்ய வேண்டியிருந்தது. நோயில் பேணுதலோ தொடக்கம் முதலே இருவர்மீதும் ஒரே சொற்களால் சுமத்தப்பட்டது. நளாயினிக்கு ஆண்பாலில் ஒரு நிகர் நம் கதைமரபில் தேடினும் எளிதில் கிடையாது என்பதை நினைந்தால், இச்சமன்மையின் எடை விளங்கும். எபேசியர் 5:25 கணவனின் அன்புக்குக் கிறிஸ்து தம்மையே ஒப்புக்கொடுத்ததை அளவாக வைக்கும்போது, மனைவியின் படுக்கையருகே அமர வேண்டியவன் கணவன் என்பதும் அதனுள் அடங்குகிறது.

அவ்வுறுதி எதனைக் கேட்கிறது, எதனைக் கேட்கவில்லை என்பதையும் நோக்குதல் வேண்டும். உடனிருத்தலையும் பேணுதலையும் கேட்கிறது. களைப்படையாமையை, கண்ணீரின்மையை, இறைவனிடம் வினாவெழுப்பாமையைக் கேட்கவில்லை. யோபு நூலும் அவ்வாறே: கடவுளோடு வழக்காடியவனை அது கண்டிக்கினும் கைவிடவில்லை, கடவுளுக்காக வழக்காடிய நண்பரையே பலி செலுத்தச் சொல்கிறது. நோயாளிக்கு அளித்த அவ்வுரிமையைப் பேணுபவருக்கு மறுக்க நூலில் ஆதாரமில்லை. மனைவி சொன்ன சொல் தவறு; யோபு திருத்தினான்; திருத்தம் அவர்களிருவருக்குள் முடிந்தது.

நூலிறுதியில் யோபுவுக்கு ஏழு புதல்வரும் மூன்று புதல்வியரும் மீண்டும் பிறக்கின்றனர் (42:13). அவர்களைப் பெற்றவள் யார் என்று எபிரேய மூலம் கூறவில்லை. எழுபதின்மரின் பின்னிணைப்பு அரேபியப் பெண்ணொருத்தியை அவன் மணந்ததாகவும், அவ்வழி ஒரு மகன் பிறந்ததாகவும் சொல்லும். இறுதிச் சாசனம் சித்திஸ் இறந்தபின் யாக்கோபின் மகள் தீனாளை மணந்ததாகச் சொல்லும். யூத அரமேய மொழிபெயர்ப்போ முதல் மனைவியின் பெயரே தீனாள் என்கிறது. வேறொருத்தி வந்தாள் என்னும் செய்தி எபிரேயத்தில் எங்கும் இல்லாமையால், முதலில் பத்துப் பெற்றுப் பத்தையும் இழந்தவளே மீண்டும் பத்து முறை நொந்து பெற்றாள் எனக் கொள்வதே மூலத்திற்கு நெருங்கியது. புதல்வியர் மூவருக்கும் எமிமாள், கெத்சீயாள், கேரேனாப்புக் என்று பெயர் தந்த நூல், அவர்களின் தாய்க்குப் பெயர் தரவில்லை.